வில்லங்கமில்லா மனை

பிரபா முதலில் நாயைத்தான் அழித்தாள். படத்தில் அது காதைத் தூக்கிக்கொண்டு கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரில் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுப் பட்டனைத் தட்டியதும், நாய் இருந்த இடத்தில் வெறும் மணல்.

"சபாஷ்!" என்றார் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்த செங்கல்வராயன். திருவிடந்தையில் கடலை ஒட்டி மனை போட்டு விற்கிறவர். இல்லாததை இருக்கிறதாகச் சொல்ல அவருக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். இருக்கிறதை இல்லாததாகக் காட்டத்தான் செங்கல்பட்டு ஆபீசில் பிரபாவைச் சோதனைக்கு வைத்திருந்தார்.

"இந்த விளம்பர நோட்டீஸ் நல்லா வந்துச்சின்னா வேலை நிரந்தரம்" என்று காலையிலேயே சொல்லிவிட்டார். அப்பா போன பிறகு, அம்மாவும் அவளும் இருக்கிற வீட்டுக்குச் சம்பளம் என்று வருவது அவளுடையதுதான். இதுவும் கைநழுவினால் அடுப்பில் பூனை தூங்கும்.

அடுத்து துணிக்கொடி, பிளாஸ்டிக் வாளி, கரண்டுக் கம்பம் எல்லாம் ஒவ்வொன்றாகப் போயின. கை பாட்டுக்கு வேலை செய்தது. மனதில் ஒன்றும் ஓடவில்லை, மரத்துப்போய்க் கிடந்தது.

"அந்தக் குடிசையையும் தூக்கிடு. அடுத்த மாசம் ஜேசிபி வந்து எப்பிடியும் தூக்கத்தான் போவுது. வாங்க வர்றவன் கண்ணுல இதெல்லாம் படக் கூடாது."

குடிசை போனது. அந்த இடத்தை எதைக்கொண்டு நிரப்புவது என்று தெரியாமல் கம்ப்யூட்டர் சேறு மாதிரி ஒரு பச்சையை அப்பியது. பிரபா அதை ஒதுக்கிவிட்டுத் தானே புல்தரை விரித்தாள். கொஞ்சம் உள்ளே தள்ளி, கைப்பிடிச் சுவரோடு ஒரு கிணற்றையும் வைத்தாள்.

செங்கல்வராயன் குனிந்து பார்த்தார். "அட, கடலோரத்துல நல்ல தண்ணி கிணறு! இதுக்கே வெலைய ஏத்தலாமே. குடிசைக்குப் பின்னால நெசமாவே ஒரு கிணறு கீது. உனக்கு எப்பிடித் தெரியும்?"

"கிணறு இல்லாம அங்க மனுசங்க எப்பிடி சார் குடியிருப்பாங்க?"

"கெட்டிக்காரி!" என்று சிரித்தார்.

இனி குடிசை வாசலில் நின்ற ஒரு நடுவயதுப் பெண் மட்டும்தான் பாக்கி. குடிசை போன பிறகும் இடுப்பில் குடத்தோடு, வெயிலுக்குக் கையைக் கண்ணுக்கு மேல் வைத்தபடி, புல்தரை நடுவில் நின்றுகொண்டிருந்தாள். படம் பிடிக்க வந்திருப்பது யாரென்று பார்க்கிறாள் போலிருக்கிறது.

பிரபாவின் கை மௌஸின் மேல் அப்படியே நின்றது.

"இன்னா, சிஸ்டம் ஹேங் ஆயிடிச்சா?"

"இல்ல சார்."

"அப்புறம் இன்னா? அந்தம்மாவ எடு."

பிரபா வட்டம் போட்டாள், பட்டனைத் தட்டினாள். புல்தரை ஒரு தடங்கலும் இல்லாமல் கடல் வரைக்கும் போனது. தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

செங்கல்வராயனுக்கு வாயெல்லாம் பல். "இப்பத்தான் பாக்கறதுக்கு மனை மாதிரி கீது! வேலை உனக்குத்தாம்மா, போ."

"தேங்க்ஸ் சார்."

"கடல் பக்கத்துலருந்து ரெண்டு பஸ் மாறி வந்துகினு கீறேன்னு மேனேஜர் சொன்னாரு. இனிமே அந்தப் பேஜாரு வேணாம். நம்ம சைட்டு வேன் தினம் அந்தப் பக்கம்தான் வருது, வூட்டாண்டயே வந்து ஏத்திக்கும். டிரைவராண்ட சொல்லணும், உன் வூடு எங்க கீது?"

பிரபா ஸ்கிரீன் பக்கம் திரும்பினாள். விரலை நீட்டிப் புல்தரையின் மேல் வைத்தாள்.

"இங்கதான் சார் கீது."