நகப்பூச்சுப் பொட்டு

மலையில் என்னென்ன ஊர்வன இருக்கின்றன என்று எழுதிக்கொண்டு போக நோட்டும் கையுமாகச் சிலர் வந்தார்கள். கல்லைப் புரட்டிப் பார்த்தார்கள். பார்த்த கல்லைப் பழையபடியே வைத்தார்கள்.

கிழக்குச் சரிவிலிருந்த பச்சோந்தி இலையோடு இலையாகிவிட்டது. மேற்குச் சரிவிலிருந்த அரணை ஓட்டம் பிடித்தது. பாதி வழியில் எதற்கு ஓடுகிறோம் என்பதே மறந்துபோய் நின்றது. அதைப் பிடித்து அளந்தார்கள். இன்னொரு முறை எண்ணிவிடாமலிருக்க, முதுகில் சிவப்பு நகப்பூச்சால் பொட்டு வைத்து விட்டார்கள்.

"அரணை புத்தி உன்னை விட்டுப் போகுமாடா?" என்று பச்சோந்தி சிரித்தது. "என் மூக்குக்கு நேரே நின்றார்கள். ஒரு எழுத்து எழுதவில்லை, தெரியுமா?"

அடுத்த மாதம் கல் குவாரிக்கு இடம் பார்க்க வேறு ஆட்கள் வந்தார்கள். அந்தப் பட்டியல் அவர்கள் கையில் இருந்தது.

"மேற்கே அரணை இருக்காம், தொடக்கூடாது. கிழக்கே ஒண்ணுமே இல்லையாம்."

கிழக்குச் சரிவுப் பாறைகளில் சுண்ணாம்புக் கோடு விழுந்தது.

பச்சோந்தி தள்ளாடித் தள்ளாடி மேற்கே வந்து சேர்ந்தது. "அந்த நோட்டுக்காரர்கள் மறுபடி வருவார்களாடா?"

"எந்த நோட்டுக்காரர்கள்?" என்றது அரணை.

இப்போது கிழக்குச் சரிவில், பச்சை இலைகளுக்கு நடுவே, பச்சோந்தி பளிச்சென்ற மஞ்சளில் உட்கார்ந்திருக்கிறது.