கட்டிலுக்கடியில் இருவர்

ஊரைக் காலி செய்ய வந்த ராணுவ லாரி கிளம்பத் தயாராக நின்றது. மகளைக் காணோம் என்று அதில் ஒருத்தி கதறிக்கொண்டிருந்தாள். கடைசி வீட்டில், கட்டிலுக்கடியில் அந்தச் சிறுமி சுவரோடு ஒட்டிக் கிடப்பதைச் சிப்பாய் மாசிலாமணி கண்டுபிடித்தான். எவ்வளவு கூப்பிட்டும் அவள் வரவில்லை.

"காலைப் புடிச்சு இழுடா, குண்டு விழப்போவுது!" என்று வாசலிலிருந்து கத்தினான் கூட வந்த இன்னொரு சிப்பாய்.

மாசிலாமணி கையை நீட்டினான். அவள் கண்களைப் பார்த்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. அவனுடைய சின்ன வயதில் குடிசைகளை இடிக்க வந்தவர்கள், ஒளிந்திருந்த அவனைக் காலைப் பிடித்துத்தான் வெளியே இழுத்துப் போட்டார்கள். அதற்குப் பிறகு வெகுகாலம், தூக்கத்தில் யாருடைய விரல் காலில் பட்டாலும் அலறி எழுவான்.

துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி வைத்து, அவனும் கட்டிலுக்கடியில் நுழைந்து அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டான். தூரத்தில் ஏதோ வெடித்தது. அவன் உடம்பு தூக்கிப்போட்டது.

"உனக்கும் பயமா?" என்றாள்.

"ஆமா பாப்பா. ரொம்ப."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு அவன் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி வா, நான் கூட்டிட்டுப் போறேன்."

வெளியே ஊர்ந்து வரும்போது கட்டில் சட்டத்தில் அவன் தலை இடித்தது.

"பாத்து வா" என்று அதட்டினாள்.