கை தூக்கச் சொன்னபோது

சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆசிரியர் அறையில், கடல் காற்றுக்கு ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே இருக்கிறது. தாளாளர் முன்னால் எழுந்து போய்க் கொக்கி மாட்ட யாருக்கும் தைரியம் இல்லை. நிர்வாகக் குழுவில் ஆசிரியர்களுக்கென்று இருக்கும் ஒரே இடத்துக்கு, தாளாளரின் ஆளை எதிர்த்து ஜொவிட்டா டீச்சர் போட்டியிடுகிறாள். போன தடவை அப்படிப் போட்டியிட்ட ஃபிரெட்ரிக் சாருக்கு அடுத்த ஜூனில் வேலை இல்லை. ஜொவிட்டா முன்வரிசையில் உட்கார்ந்து முந்தானை நுனியை விரலில் சுற்றி இறுக்குகிறாள், விரல் வெளுத்துவிட்டது. “ஜொவிட்டா மிஸ்ஸுக்கு யாரெல்லாம்? கை தூக்குங்க, பார்ப்போம்” என்கிறார் தாளாளர், சிரித்தபடி. காலையில் “நான் இருக்கேண்டி” என்ற விசாலாக்ஷி, பக்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஜொவிட்டாவால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. பின்னால் யாருடைய கண்ணாடி வளையல்களோ முழங்கைப் பக்கம் சரிகிற சத்தம் கேட்கிறது. தாளாளரின் கண் அங்கே நகர்கிறது. இப்போது ஜொவிட்டாவுக்கு அந்தக் கையை நினைத்துத்தான் பயமாக இருக்கிறது.