பத்து நொடித் தீர்ப்பு

“முழுசாப் படிக்காமலே ‘நடிப்பு’ன்னு அமுக்கிட்டியே தேனு?”

“பத்து நொடிதானேங்க குடுக்கறாங்க! அந்தச் சகாயராணிக்கு வாய் ரொம்ப நீளம்.”

கணவன் மதியழகனிடம் போன மாதம் இப்படிச் சொல்லிச் சிரித்ததைத் தேன்மொழியால் மறக்க முடியவில்லை. மருத்துவமனை நடத்தும் சிறுநீரக நோயாளிகளின் இணையக் குழுவில் யார் வலியைச் சொன்னாலும், மற்றவர்கள் உடனே ‘உண்மை’ அல்லது ‘நடிப்பு’ என்று அழுத்தியாக வேண்டும். ‘நடிப்பு’ மிகுந்தால் அந்த வாரம் டயாலிசிஸ் கிடையாது. வேதனையில் எல்லோரையும் திட்டிய சகாயராணியிடமிருந்து அதன்பிறகு ஒரு செய்தியும் வரவில்லை. டயாலிசிஸ் பிரிவில் அவளுடைய ஜன்னலோரப் படுக்கை தேன்மொழிக்குக் கிடைத்தது.

இன்று தேன்மொழிக்குக் கால்கள் வீங்கி, மூச்சு முட்டியது. “அன்பு உறவுகளுக்கு வணக்கம், சிரமத்துக்கு மன்னிக்கவும்” என்று தொடங்கி எழுதி அனுப்பினாள்.

முப்பத்தொரு பேர் ‘நடிப்பு’ என்றார்கள். “இவ்வளவு பணிவா எழுத முடியுதுன்னா, அப்படி என்ன வலி?” என்று ஒருவர் கேட்டிருந்தார்.

மதியழகன் அவள் கால்களைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். “நான் என்ன பண்ணணும், சொல்லும்மா.”

அவன் மறுக்க மாட்டான் என்ற பயத்தாலேயே நான்கு வருடங்களாகக் கேட்காமல் வைத்திருந்ததை அவள் வாய்விட்டுக் கேட்டாள்.

“உங்க கிட்னியில ஒண்ணு எனக்குக் குடுப்பீங்களா?”