பதினேழாம் எண் கல்

குரும்பகரத்து வண்டலில் எவ்வளவு ஆழம் தோண்டினாலும் கல் கிடைக்காது. அதனால் கருமாதிக்குச் செங்கல்லைத்தான் ஊன்றி, செத்தவரை அதில் வந்து இறங்கச் சொல்லுவார்கள். பதினாறாம் நாள் அதைப் பிடுங்கி ஆற்றில் விட்டால் ஆள் போய்விட்டதாக அர்த்தம். 1978இல் கருப்பையன் செத்தபோது அவன் பெண்டாட்டி செல்லம்மா செங்கல்லை நம்பவில்லை. இருபது வருஷம் அவளை அடித்தவன், ஒழுங்காகப் போய்ச் சேரவேண்டும்.

காரைக்காலில் அவள் வேலை செய்த வீட்டுக்காரர் லெயோன், பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன்காரர். போன தேசமெல்லாம் கல் பொறுக்கி, எண் எழுதி அலமாரியில் அடுக்கியிருந்தார். பதினேழாம் எண்ணை அவளுக்கு இரவலாகக் கொடுத்தார்.

"திருப்பிக் கொண்டாந்துடணும் செல்லம்மா. ஒண்ணு குறைஞ்சாலும் வரிசை கெட்டுடும்."

வேலை போய்விடுமே என்று பதினாறாம் நாள் அதற்குப் பதிலாக ஆற்றில் ஒரு செங்கல்லை விட்டுவிட்டு, கருமாதிக்கு ஊன்றிய கல்லைக் கழுவி அலமாரியில் பழைய இடத்தில் வைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை தூசு தட்டும்போது அது மட்டும் சுட்டது. மடியில் கட்டிக்கொண்டு போய் அரசலாற்றில் வீசினாள். திங்கட்கிழமை அது அலமாரியில் இருந்தது, அடியில் சேறு காயாமல்.

"இதை எனக்கே குடுத்துடுங்கய்யா. கடல்ல போட்டுடறேன்."

லெயோன் சிரித்தார். "கல்லைப் பொறுமையாப் பார்த்தா முகம் தெரியும்னு சொன்னா நம்பமாட்டே. இப்ப பாரு, தாடை. எல்லாத்துலயும் இதுதான் அழகு."

அவள் பாத்திரம் தேய்க்கும் இடத்தைப் பார்க்கும்படி அதை ஜன்னலில் திருப்பி வைத்தார்.

சாயங்காலம் முதுகு தேய்க்க வந்த மகள் அஞ்சுகம், "என்னம்மா, அஞ்சு விரலும் அப்படியே பதிஞ்சிருக்கு?" என்றாள்.