கலவையா, சேர்மமா?

அம்மா இன்று விடுவதாக இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, மகளைக் கேள்விகளால் துளைத்துக்கொண்டிருந்தாள்.

"காத்து?"

"சேர்மம்."

"தப்பு! கலவைடி. ஆக்சிஜனும் நைட்ரஜனும் பக்கத்துல பக்கத்துல இருக்கு, அவ்வளவுதான். தண்ணி?"

"அதுவும் கலவை... இல்ல, இல்ல, சேர்மம்!"

"அப்படி வா வழிக்கு. இரும்பு?"

"தனிமம். போதும்மா, தலை சுத்துது. பேசாம படிப்பை விட்டுட்டு வேலைக்குப் போயிடறேன்."

"வாயை மூடு. நாளைக்குப் பரீட்சையை வச்சுக்கிட்டுப் பேசற பேச்சா இது?"

அம்மா ஜன்னல் கம்பியைச் சுரண்டி, செம்பழுப்புத் தூள் ஒட்டிய விரலை நீட்டினாள். "இது?"

"துரு. இரும்பு, ஈரத்துல ஆக்சிஜனோட சேர்ந்து உண்டான சேர்மம்."

"ஏன் கலவை இல்ல?"

"இரும்பை மட்டும் தனியா உதறி எடுக்க முடியாதே!"

அம்மா முதல் தடவையாகச் சிரித்தாள்.

மணி அடித்தது. "பார்வை நேரம் முடிஞ்சுது," என்றார் பெண் காவலர். கம்பிக்கு அந்தப் பக்கம் மகள் மனமில்லாமல் எழுந்தாள்.

"உனக்கு ஹால் டிக்கெட் வந்துடுச்சாம்மா?"

"வந்துடுச்சு. நீ உன் ஸ்கூல்ல எழுது, நான் இங்க ஜெயில்ல எழுதறேன். என்னைவிட ஒரு மார்க் குறைஞ்சாலும், வெளியே வந்ததும் இருக்கு உனக்கு!"