மந்தி வருவதற்குள்

"அந்தப் பம்பைக் கழட்டி இங்க கொடு! பொண்ணு பார்க்க வந்தவங்க கண்ணுல பட்டா, நாளைக்கே மர்கிலான் ஊர் முழுக்கப் பரவிடும்!"

சமையலறையில் மவ்லூதா கையை நீட்டினாள். மகள் நசீபாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

"அம்மா, சாப்பிடறதுக்குக் கால் மணி முன்னாடி, என்ன சாப்பிடப் போறேன்னு கணக்குப் பார்த்து இதை அழுத்தினாத்தான் இன்சுலின் உள்ள போகும். இது இல்லாம எப்படி?"

"ஒரு மணி நேரம் கழட்டி வைக்கலாம்னு டாக்டரே சொன்னாரே. எதையும் தொடாம சும்மா உட்காரு. போன தடவை வந்தவங்க இதைப் பார்த்துட்டுத்தானே ஓடினாங்க?"

உண்மைதான். நசீபா வயிற்றிலிருந்த குழாயைக் கழற்றினாள். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய அந்தப் பம்ப் மாவு டப்பாவுக்குப் பின்னால் போனது.

கூடத்தில் மாப்பிள்ளையின் அம்மா ரானோவும், அவள் தங்கை ஸுபைதாவும் காத்திருந்தார்கள்.

"மந்திக் கொழுக்கட்டை எப்ப வரும்?" என்றாள் ரானோ.

"இதோ, ஆவியில வெந்துட்டிருக்கு," என்றாள் மவ்லூதா.

"இதோன்னா? சரியா எத்தனை நிமிஷம்?"

"ஒரு... இருபது நிமிஷம்."

"ஒவ்வொண்ணும் எவ்வளவு பெரிசு? மாவு தடிமனா, மெலிசா? இந்த ஜாம்ல சர்க்கரை எவ்வளவு போட்டீங்க?"

பெண் பார்க்க வந்தாளா, சமையலறையில் சோதனை போட வந்தாளா? நசீபா பல்லைக் கடித்தாள். ரானோ கை கழுவ வேண்டும் என்று எழுந்து போய், நிதானமாகத் திரும்பி வந்தாள்.

மந்தி வந்தது. ரானோ ரசித்துச் சாப்பிட்டாள். நசீபா தட்டைத் தொடவில்லை.

"ஏம்மா, எங்களோட உட்கார்ந்து சாப்பிட்டா உனக்குக் கௌரவம் குறைஞ்சிடுமோ?" என்றாள் ஸுபைதா.

"அவளுக்குப் பசியில்லைங்க..." மவ்லூதா இழுத்தாள்.

"எங்க வீட்டுக்கு வந்தாலும் இப்படித்தான் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாளா?" ஸுபைதா விடவில்லை.

அவ்வளவுதான். நசீபா விருட்டென்று உள்ளே போனாள். பம்போடு வந்து, அவர்கள் கண்ணெதிரிலேயே குழாயை மாட்டிக்கொண்டாள்.

"எனக்குப் பத்து வயசுல இருந்து சர்க்கரை நோய். இது இல்லாம என்னால ஒரு வாய் சாப்பிட முடியாது. உங்களுக்குப் பயந்துதான் கழட்டி வச்சேன். பிடிக்கலைன்னா வாசல் திறந்துதான் இருக்கு!"

மவ்லூதா தலையில் கை வைத்துக்கொண்டாள். ரானோவின் முகம் சிவந்தது. அவள் வெடுக்கென்று தங்கை பக்கம் திரும்பினாள்.

"பார்த்தியாடி? நோய்க்காரி வீட்டுக்குப் பொண்ணு தர மாட்டாங்கன்னு என்னைக் குளியலறையில ஒளிஞ்சு அழுத்த வச்சியே!" என்று சீறியபடி, தன் அங்கிக்குள் கைவிட்டு இன்னொரு பம்பை வெளியே எடுத்தாள்.